ஆயிரத்தோராவது ஜன்னல்

பெராத்தில் ஜன்னல்கள் அதிகம்.
மலைச்சரிவில் வீட்டின் தலையில் வீடு;
எல்லாம் ஓசும் ஆற்றைப் பார்த்து விழித்திருக்கும்.
ஆயிரம் என்பார்கள், எண்ணியவர் இல்லை.
நான் உட்கார்ந்தது ஆயிரத்தோராவதில்:
பழைய ரொட்டிக்கடையில் கண்ணாடி பதித்து
கீழே கை நுழையுமளவு ஓட்டை விட்ட ஜன்னல்.

தொண்ணூற்றாறாம் வருடம், இலையுதிர்காலம்.
மாதம் எட்டு வட்டி என்று எழுதியிருந்தது.
அக்டோபரில் எட்டின் மேல் தாள் ஒட்டிப் பத்து.
அந்தப் பசை காய்வதற்குள் இருபது.

வாஞ்ஜெல், முதலாளி,
முன்பு பேருந்தில் டிக்கெட் கிழித்தவர்.
எதையும் விரலில் எச்சில் தொட்டே எடுப்பார்,
என் சம்பளத்தையும்.
பெரிய பொய்கள் சொல்லி நான் கேட்டதில்லை.
தயங்குகிறவர்களிடம் "உங்கள் இஷ்டம்" என்பார்.
அது போதுமாயிருந்தது.

மிஃப்தார் இருபத்துமூன்று ஆடுகளை விற்று வந்தான்.
நோட்டுகளில் கம்பளி நாற்றம்.
ஏதென்ஸில் கல் சுமக்கும் மகன் அனுப்பியதை
உள்பாவாடையில் தைத்துக் கொண்டுவந்த லிரி
என் எதிரிலேயே பல்லால் தையல் பிரித்தாள்.
ஸேனெல் கணக்கு வாத்தியார்.
பெருக்கல் வாய்ப்பாட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

லிரி காலையில் தந்தது
மதியம் மிஃப்தாருக்கு வட்டி.
மிஃப்தாரின் ஆடுகள்
மாலையில் வாத்தியாருக்குக் குட்டி.
இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவே
என் இரண்டு கைகள்.
கம்பெனி என்பது அவ்வளவுதான்.
சுவரில் ஒரு கப்பல் படம் இருந்தது,
காலண்டரிலிருந்து கிழித்தது.

எனக்குத் தெரியும்.
முதல் வாரமே தெரிந்துவிட்டது.
தேனெடுத்தவள் புறங்கையை நக்காமல் இருப்பாளா?
தையல் மெஷினை விற்று நானும் போட்டேன்.
விழுவதற்கு முந்தின நாள் எடுத்துவிடலாம்;
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவளுக்கு
அந்த நாள் முதலில் தெரியாமலா போகும்?
எல்லாரிடமும் இதே கணக்கு இருந்தது.
வரிசையில் ஏமாளி என்று ஒருவர் நிற்கவில்லை.
நின்றதெல்லாம் கெட்டிக்காரர்கள்.

இரவில் கதவைச் சாத்தி
வாஞ்ஜெல் இழுப்பறைகளைத் திறப்பார்.
எண்ணமாட்டார்.
சூப்புக் கிண்ணத்தை ரொட்டியால் துடைக்கிறவர்போல
மூலை மூலையாக விரல் விட்டுத் துழாவுவார்,
சிக்கிய ஒற்றை நாணயத்துக்காக.
சாக்குகள் கட்டி பக்கத்திலேயே நிற்கும்.
ஒருநாள் கேட்டேன், "போதாதா?"
வேற்றுமொழிச் சொல் ஒன்று காதில் விழுந்ததுபோல
தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.
பிறகு மறுபடி விரல்.

ஜனவரியில் ஓட்டையை மூடினோம்.
கல் வந்தது. கண்ணாடி என் மடியில் விழுந்தது.
இத்தாலிக்குப் படகேறிவிட்டான் என்றார்கள்,
மாளிகை, நாய்கள், நீச்சல்குளம் என்றார்கள்.
எனக்குத் தெரிந்தது வேறு.
அவருடைய இழுப்பறையில் ஒரு ரசீது கிடந்தது:
லுஷ்னியாவில் இன்னொரு கம்பெனி,
முப்பது வட்டி, பெரிய தொகை, அவர் கையெழுத்து.
சாக்குகள் போன இடம் அதுதான்.
எங்கள் ஜன்னலுக்குப் பதினோரு நாள் முன்பே
அந்த ஜன்னல் மூடிவிட்டிருந்தது.
அந்தப் பதினோரு நாளும் அவர்
என்னிடம் "உங்கள் இஷ்டம் என்று சொல்" என்றார்.

ரசீதை யாரிடமும் காட்டவில்லை.
நம்பமாட்டார்கள்.
திருடனிடம் ஏமாந்தோம் என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

இப்போது என் வீட்டு ஜன்னலில்
சில்லறைக்கு சிகரெட் விற்கிறேன்.
நேற்று மிஃப்தார் வந்தான்.
ஆடில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஜன்னல்கட்டையில் வைத்தான்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குனிந்தான்:
"ஃபிட்னேத், மறுபடி எங்காவது
ஆரம்பித்திருக்கிறார்களா? உனக்குத் தெரியாமல் இருக்காது."

இல்லை என்றேன்.
அதைச் சொல்வதற்கு முன்
ஒரு மூச்சு நேரம் ஆனது.
அந்த மூச்சில்
கட்டைக்குக் கீழே
என் விரல் எச்சில் தொட்டிருந்தது.